வேங்கைக்குளம் ரொம்பப் பக்கம்

வேங்கைக்குளம் விமான நிலையத்துக்கு வந்திருந்த நோய் விசித்திரமானது. அங்கே வந்து இறங்கும் விமானங்களில் இடமே இருக்காது. அங்கிருந்து கிளம்பும் விமானங்களில் ஆளே இருக்காது.

அன்று காலையும் அப்படித்தான். ஷார்ஜாவிலிருந்து வந்த விமானம் தரைதொட்டு ஓடி, முனையத்தின் முன்னால் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஆட்கள் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கம்பளி மூட்டையும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும் குழந்தைகளுக்கு வாங்கிய பொம்மைகளுமாக, வெளியே வந்ததும் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வீட்டைப் பார்த்துப் போனார்கள். அதே விமானம் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கிளம்பியபோது அதில் ஏறியவர்களை ஒரு ஆட்டோவில் அடைத்துவிடலாம்.

நிலைய மேலாளர் ஆவுடைச்செல்வி கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில்காரி. நாற்பதைத் தாண்டியவள். பெரிய பெரிய நகரங்களில் வேலை பார்த்துவிட்டு, சொந்தச் சீமையில் ஒரு நிலையம் திறக்கிறார்கள் என்றதும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். சத்தமே போடாத சின்ன மின்விமானங்கள் வந்த பிறகு, பேருந்து நிலையம் கட்டுவதைப் போல ஊருக்கு ஊர் ஓடுதளம் போட்ட காலம் அது. மலையடிவாரத்தில், வயலும் தென்னந்தோப்பும் சூழ, வேங்கைக்குளத்துக்கும் ஒன்று கிடைத்திருந்தது.

“வாரப்ப கல்யாண வீடு மாதிரி வருது மேடம். போறப்ப பைலட்டும் காத்தும்தான் போவுது,” என்றார் பக்கத்தில் நின்ற பணி அலுவலர் ஐசக் செல்லத்துரை.

“போற ஆளுவ எல்லாம் எங்க போறாவ அண்ணாச்சி?”

“வேற எங்க? மதுரைக்குத்தான். வேன் புடிச்சு மூணு மணி நேரம் போறாவ. நம்ம வாசல் வழியாத்தான் போறாவ. போறப்ப கையும் காட்டுதாவ.”

அந்த வாரமே கூடலரசன் வந்தார். வான்வழித்தட ஆணையத்தில், சின்ன நிலையங்களுக்கு ஆயுள் எவ்வளவு என்று கணிக்கும் அதிகாரி. மதுரைக்காரர். அவர் வந்து போன இடங்களில் பாதி இப்போது நெல் காயப்போடும் களமாகிவிட்டன என்று துறைக்குள் ஒரு பேச்சு உண்டு. ஆனால் நேரில் பார்த்தால் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. முனையத்தைச் சுற்றி வந்தார், கழிப்பறையைக் கூட எட்டிப் பார்த்தார், காப்பி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

“உங்களைக் குறை சொல்லல மேடம். நிலையத்தைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க. ஆனா நிழல்கள் உங்களைத் தேர்ந்தெடுக்க மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?”

நிழல் என்பது அப்போது எல்லார் கைப்பேசியிலும் இருந்த ஒன்று. ஒரு மனிதன் வாங்கியது, வேண்டாமென்று விட்டது, சிரித்தது, முகம் சுளித்தது எல்லாவற்றையும் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, அவனைப் போலவே முடிவெடுக்கப் பழகிய நகல். பயண ஏற்பாட்டை ஜனங்கள் அதனிடம் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் ஷார்ஜா போகணும் என்று சொன்னால் போதும். எந்த ஊரிலிருந்து, எந்த விமானத்தில், எந்த இருக்கையில் என்பதை அது பார்த்துக்கொள்ளும். முக்கால்வாசிப் பேர் கிளம்பும் நேரத்தில்தான் என்ன போட்டிருக்கிறது என்றே பார்ப்பார்கள். தனக்குப் பிடிக்காததைப் போட்டுவிட்டது என்று யாரும் குறை சொன்னதில்லை.

“எங்க கட்டணம் கம்மி சார். வரிசை கிடையாது. பெட்டியைக் கூட வீட்டுக்கே வந்து வாங்கிக்கிடுதோம். அப்புறமும் ஏன் மதுரையைப் போடுது? அதுகிட்டயே கேட்டுருவமே?”

“கேக்கக் கூடாது. சட்டம். மறந்துட்டீங்களா?” கூடலரசன் சிரித்தார். “ஆரம்பத்துல அது காரணம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ‘மாமியார் ஊருக்கு ஏன் ராத்திரி பஸ்ஸைப் போட்டே?’ன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். ‘பகல்ல போனா அவங்க கூட ஒரு வேளை கூடுதலாச் சாப்பிடணும்’னு அது சொல்லியிருக்கு. பக்கத்துல சம்சாரம் நிக்குது. நாட்டுல பாதி வீட்டுல இதே கதை. அதுக்கப்புறம்தான், நிழல் முடிவை மட்டும் சொல்லணும், காரணத்தைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க.”

“அப்போ காரணம் யாருக்கும் தெரியாதா?”

“நிழலுக்குத் தெரியும். அதோட சொந்தக்காரனுக்கே தெரியாது. நமக்கு எங்கிட்டுத் தெரியப் போகுது?” அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “பொங்கல் வரைக்கும் பார்ப்போம் மேடம். போற விமானம் பாதியாவது நெறையணும். இல்லைன்னா மூடுறதைத் தவிர வேற வழியில்ல.”

அவர் போன பிறகும் செல்வி அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். தனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும். ஐசக் அண்ணாச்சிக்கும் அவரோடு இருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது. அதைவிட அவளை உறுத்தியது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் சென்னை விமானத்தில் பத்மஜா என்ற டாக்டர் வந்து இறங்குவார். குழந்தைகளின் இதயத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். அரசு மருத்துவமனையில் பகல் முழுக்க இருந்துவிட்டு மாலை விமானத்தில், பெரும்பாலும் தனியாக, திரும்பிப் போவார்.

“விமானம் நின்னா நான் வர ஒரு நாள், போக ஒரு நாள் ஆகும் செல்வி,” என்று ஒருமுறை சொல்லியிருந்தார். “ஆசை இருக்கு. ஆனா முடியாது. பொய் சொல்லி என்ன பண்ண?”

நூருல் ஹமீதைச் செல்விக்கு நன்றாகத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவன் வீட்டுக் கொல்லைச் சுவரும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரும் ஒன்றேதான். ஷார்ஜாவில் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். விடுமுறைக்கு வந்து இறங்கியவன், பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனான். இப்போது விடுமுறை முடிந்து திரும்பக் கிளம்புகிறான். மதுரையிலிருந்து.

செல்வி நேராக அவன் வீட்டுக்கே போய்விட்டாள்.

“நூருலு, ஒங்க வீட்டுக் கோழி பறந்தா எங்க ஓடுதளத்துல விழும். நீ எதுக்குப்பா மதுரைக்குப் போற?”

அவன் தலையைச் சொறிந்தான். “எனக்கு எப்பிடி மேடம் தெரியும்? நெழலு அப்பிடித்தான் போட்டுருக்கு. நல்லதுக்குத்தான் போட்டுருக்கும்.”

“மாத்தச் சொல்லலாம்லா?”

“சொல்லலாம்...” என்று இழுத்தான். உள்ளே பார்த்தான். வாசல்படியில் நின்ற அவன் மனைவி ஷமீமா தரையைப் பார்த்தாள். மாற்றச் சொல்ல அங்கே ஒருவருக்கும் மனமில்லை என்பது மட்டும் செல்விக்குப் புரிந்தது.

“வேன்ல எனக்கு ஒரு இடம் இருக்குமா? நீங்க ஏன் அங்க போறீயன்னு நான் பாக்கணும்.”

நூருலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இடமா? எங்க வீட்டுல வழியனுப்ப எத்தனை பேர் வந்தாலும் கொறச்சல்னுதான் சொல்லுவாவ. வாங்க மேடம்.”

வேன் கிளம்பியது. செல்விக்குப் பின்பக்கத்துத் தனி இருக்கை. நூருலின் தாயார், ஷமீமா, பள்ளிக்கூடம் போகும் மகள், ஷமீமாவின் தம்பி இத்ரீஸ், இன்னும் சில உறவுக்காரர்கள். விமான நிலைய வாசலைத் தாண்டும்போது எல்லாரும் பழக்கதோஷத்தில் கையைக் காட்டினார்கள். பிறகு, நிலையத்தின் மேலாளர் பின்னால் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார்கள்.

புளியங்குடி வரை ஒரே இரைச்சல். பாஸ்போர்ட் எடுத்தாயா, ஊறுகாய்ப் பாட்டிலை இறுக்கி மூடினாயா, போனதும் போன் போடு. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைத் தாண்டியதும் பேச்சு தானாகக் குறைந்தது. சொல்லவேண்டியது என்று வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது போலிருந்தது. சிலர் தூங்கினார்கள். சிலர் தூங்குவதாகக் காட்டிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்தது.

ராஜபாளையத்தை நெருங்கும்போது, நூருலுக்குப் பின் இருக்கையில் இருந்த இத்ரீஸ் நேர் எதிரே ரோட்டைப் பார்த்தபடி வாயைத் திறந்தான்.

“மச்சான். அந்த பைக்கு.”

மூன்று வருஷத்துக்கு முன்னால், நூருல் ஊரில் இல்லாதபோது அவனுடைய புது பைக்கை இத்ரீஸ் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்க் கால்வாய்க்குள் விட்டிருந்தான். அதிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சு இல்லை.

“வளைவுல நாய் குறுக்க வந்துட்டு மச்சான். நான் வேணும்னு செய்யல.”

நூருலும் திரும்பவில்லை. அவனும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி ஒரு லாரியைத் தாண்டியது. இன்னொரு லாரியைத் தாண்டியது.

“நாயா? இத்தன வருஷம் சொல்லவே இல்லியே. நாய்க்கு ஒண்ணும் ஆவலியே?”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட வேன் முழுக்கச் சிரித்தது. இத்ரீஸ் மச்சானின் தோளைப் பின்னாலிருந்து பிடித்தான். பிடித்த கையை ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எடுக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டீ, சூடான பால்கோவா. திரும்ப ஏறும்போது இருக்கைகள் மாறியிருந்தன. யாரும் யாரையும் மாறச் சொல்லவில்லை. ஷமீமாவுக்கு நூருலின் பக்கத்தில் ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. அவன் தாயார் முன்னிருக்கைக்குப் போய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மகள் அப்பாவின் மடியில் தலை வைத்துப் படுத்தாள். கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும் ஷமீமா பேசத் தொடங்கினாள். என்ன பேசினாள் என்று செல்விக்குக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியில் அவள் விரல் தட்டிக்கொண்டே இருந்ததும், அவன் அவ்வப்போது தலையை ஆட்டியதும்தான் தெரிந்தது. டி.கல்லுப்பட்டியில் ஷமீமா அழுதாள். திருமங்கலத்துக்கு முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்ன எதற்கோ களுக்கென்று சிரித்தாள்.

மதுரை விமான நிலைய வாசலில் யாரும் அழவில்லை. இறங்கினார்கள், பெட்டியை இறக்கினார்கள், தாயார் மகனின் தலையில் கை வைத்தார், அவன் போனான். அவ்வளவுதான்.

திரும்பும்போது ஷமீமா தானாகவே செல்வியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒங்க ஏர்போர்ட்டு நல்ல ஏர்போர்ட்டுதான் அக்கா. ரொம்பப் பக்கத்துல இருக்கு. அதான்.”

“பக்கத்துல இருந்தா நல்லதுதானே?”

“வாரதுக்கு நல்லது. போறதுக்கு?” ஷமீமா சற்று யோசித்துச் சொன்னாள். “லீவுக்கு வந்த நாள்லேர்ந்து வீட்டுல ஆளு மாறி ஆளு வாராவ. விருந்து, விசேஷம். ராத்திரியானா அவுகளுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. நேருக்கு நேர் மொகத்தப் பாத்து ஒண்ணு சொல்ல வந்தா, வேற என்னமோதான் வாயில வருது. வேன்ல பாருங்க, ஆரும் ஆரையும் பாக்காண்டாம். எல்லாரும் முன்னாலதான் பாக்கோம். போயி சேந்துட்டா பேச முடியாதுன்னும் தெரியும். தன்னால வந்துருது.”

“அப்பம் நீதான் நெழல்கிட்ட மதுரைன்னு சொன்னியா?”

“ஐயோ, இல்லக்கா. அது அவுக நெழலு. அதுவாத்தான் போட்டுச்சு.” ஷமீமா சிரித்தாள். “நீங்க கேட்ட பொறவுதான் எனக்கே வெளங்குது.”

செல்வி வெளியே பார்த்தாள். போகிறவனுக்குத் தூரம் வேண்டும். வருகிறவனுக்கு வீடு வேண்டும். எந்த நிபுணரும் வேங்கைக்குளத்தின் கணக்கில் சேர்க்காத விஷயம் இது. கட்டணத்தைக் குறைத்தும் வரிசையைக் குறைத்தும் அவள் செய்ததெல்லாம் நோயை வளர்க்கிற வைத்தியம். எவ்வளவு சீக்கிரம் ஆளை ஏற்றி அனுப்பினாளோ, அவ்வளவு சீக்கிரம் ஜனங்கள் விலகிப் போயிருந்தார்கள்.

காரணம் தெரிந்த உற்சாகத்தில் செல்வி ஒரு காரியம் செய்தாள். முனையத்தின் மேற்குப் பக்கம் சும்மா கிடந்த சரக்குக் கூடத்தைச் சுத்தம் செய்து, ஜமக்காளம் விரித்து, மலை தெரிகிற மாதிரி பெரிய ஜன்னல் வைத்து, ‘வழியனுப்பு மண்டபம்’ என்று பெயரும் எழுதினாள். காலையிலேயே குடும்பத்தோடு வாருங்கள், சமைத்ததை எடுத்து வந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், மாலை விமானம் வரை பேசிக்கொண்டிருங்கள்.

வந்தார்கள். மேடம் கூப்பிட்டாரே என்று மூன்று குடும்பங்கள் வந்தன. சாப்பாடு அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பல் டாக்டரிடம் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் ஜமக்காளத்தில் சறுக்கி விளையாடின. ஒரு பெரியவர் செல்வியைக் கூப்பிட்டு, விமானத்தைக் கொஞ்சம் முன்னாலேயே விட முடியுமா என்று கேட்டார்.

“மண்டபம் ஓடாது மேடம்,” என்றார் ஐசக், ஜமக்காளத்தை மடித்துக்கொண்டே. “ஓடுதது வேன்தான்.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். செல்விக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மதியம் முழுக்க அந்த வார்த்தை அவளை விடவில்லை. வேங்கைக்குளத்தைத் தூரமாக நகர்த்த முடியாது. யாருக்கு அது ஏற்கெனவே தூரமாக இருக்கிறது?

கைப்பேசியில் கூடலரசனைக் கூப்பிட்டாள்.

“சார், காரணம் தெரிஞ்சு போச்சு. எங்க நிலையம் ரொம்பப் பக்கத்துல இருக்கு.”

“மேடம், உங்களுக்கு லீவு ஏதும் வேணுமா?”

அவள் வேனில் பார்த்ததை முழுக்கச் சொன்னாள். பைக், நாய், பால்கோவா, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும். கூடலரசன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒரு பெருமூச்சு கேட்டது.

“கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல எனக்கு எங்கிட்டு வழி? உங்க ஊரை நான் தள்ளி வைக்கவா முடியும்?”

“மதுரைக்காரங்களுக்கு நாங்க தூரம்தானே சார்?”

“ஆமா. அதுக்கு?”

“மதுரைக்காரங்க நிழலுக்கு வேங்கைக்குளம்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. பெரிய நிலையம் பக்கத்துல இருந்தா, தூரத்துல உள்ள சின்ன நிலையத்தைக் கண்ணுலயே காட்டக் கூடாதுன்னு நீங்கதான் ஒரு விதி வச்சிருக்கீங்க. அதை மட்டும் கொஞ்சம் எடுத்துவிடுங்களேன்.”

கூடலரசன் வாய்விட்டுச் சிரித்தார். “மதுரைக்காரன் எதுக்கு மேடம் மூணு மணி நேரம் வண்டியில குலுங்கி அங்கிட்டு வருவான்? எங்க வீட்டுல இருந்து ஏர்போர்ட்டு அரை மணி நேரம்!”

“அதான் சார். அரை மணி நேரம்தான்.”

சிரிப்பு நின்றது. அவர் என்ன நினைத்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. “சரி, பொங்கல் வரைக்கும் அந்த விதியைத் தூக்கி வைக்கிறேன். எனக்கு ஒண்ணும் நட்டமில்ல. ஆனா ஒருத்தரும் வரலைன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது,” என்றார்.

முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாவது வாரம், மல்லிகைப்பூ மணக்க மணக்க ஒரு வேன் வாசலில் வந்து நின்றது. அனுப்பானடியிலிருந்து வந்திருந்தார்கள். தோஹாவுக்குப் போகிற மகன், அவனைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர்.

“இதுதானங்க வேங்கைக்குளம்? என்னமோ இங்கிட்டுதான் போட்டிருக்கு. ஏன்னு தெரியல. மதுரையிலயே ஏர்போர்ட்டு இருக்கையில இம்புட்டுத் தூரம் எதுக்குன்னு இவனைத் திட்டிக்கிட்டேதான் வந்தேன்,” என்றார் தகப்பனார். திட்டிக்கொண்டு வந்தவரின் கை மகனின் தோளில் கிடந்தது. கண்கள் சிவந்து, முகம் மழை பெய்து ஓய்ந்த மாதிரி தெளிவாக இருந்தது.

ஐசக் செல்லத்துரை செல்வியைப் பார்த்தார். செல்வி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காதபடி ஒருமுறை குதித்தாள்.

அதன்பிறகு வேன்கள் வந்துகொண்டே இருந்தன. திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்தன. மதுரைக்காரர்கள் வேங்கைக்குளத்திலிருந்து பறந்தார்கள், திரும்பி வரும்போது மதுரையில் இறங்கினார்கள். வேங்கைக்குளத்துக்காரர்கள் வழக்கம்போல மதுரைக்குப் போய்ப் பறந்தார்கள், வரும்போது வீட்டு வாசலில் இறங்கினார்கள். வந்த விமானமும் நிறைந்திருந்தது, போன விமானமும் நிறைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் குழப்பம். வடக்கே போகிற வேனும் தெற்கே போகிற வேனும் ஒரே பால்கோவாக் கடையில் நின்றன.

“நீங்க எந்த ஊரு?”

“மதுரைங்க. புள்ளைய ஏத்திவிட வேங்கைக்குளம் போறோம்.”

“நாங்க வேங்கைக்குளம். எங்க வீட்டு ஆள ஏத்திவிட மதுரைக்குப் போறோம்.”

இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்ப்பார்கள். பிறகு, இது என்ன கூத்து என்று யாராவது சிரிக்கத் தொடங்குவார்கள். அதற்குள் டிரைவர் ஹாரன் அடிப்பார்.

பத்திரிகைகள் கேலி செய்தன. இரண்டு ஊர்க்காரர்களும் நிலையத்தை மாற்றிக்கொண்டால் எவ்வளவு எரிபொருளும் நேரமும் மிச்சம் என்று தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர் படம் போட்டு விளக்கினார். அதைப் பார்த்து வீடுகளில் தலையை ஆட்டினார்கள். நிழல்கள் மட்டும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. டாக்டர் பத்மஜா ஒரு செவ்வாய் மாலை விமானம் ஏற வந்தபோது ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை. அதற்காக அவர் செல்வியிடம் வந்து கோபித்துக்கொண்டதைப்போல இனிமையான புகார் அந்த நிலையத்தில் யாரும் கேட்டதில்லை.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மதியம், முனையத்தின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் கூடலரசன். ஆய்வுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஐசக் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடினார். ஆனால் காரின் பின்கதவைத் திறந்து ஒரு பெண் இறங்கினாள். இருபத்துச் சொச்சம் வயது. அவளுக்குப் பின்னால் பட்டுச் சேலையில் ஒரு அம்மாள். கூடலரசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதிகாரி மாதிரியே இல்லை. வழி தெரியாமல் வந்தவர் மாதிரி இருந்தார்.

“என் மக நிறைமதி,” என்றார். “ஜெர்மனிக்குப் படிக்கப் போகுது. தோஹா போய் அங்கிருந்து. இது என் சம்சாரம்.”

“இங்கயா சார் போட்டுச்சு?” செல்வி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“எங்கிட்டோ கோளாறுன்னு நினைச்சேன். நானே மாத்துறேன்னு சொன்னேன். இவதான், ‘போட்டது போட்டதாவே இருக்கட்டும்ப்பா’ன்னா. அவ எங்கிட்ட நேராப் பேசுனதே அப்பத்தான்.”

மகள் அப்பாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். “நீ குடு, முதுகு புடிச்சுக்கும்,” என்றாள். அவள் சோதனை வரிசையில் நின்றபோதும், உள்ளே போகும் கதவருகிலும், திரும்பித் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

விமானம் கிளம்பி மேகத்துக்குள் போகும்வரை மூன்று பேரும் கண்ணாடிச் சுவர் ஓரம் நின்றார்கள். அந்த அம்மாள் முதலில் காருக்குப் போனார். கூடலரசன் நகரவில்லை.

“ரெண்டு வருஷம் மேடம்,” என்றார். “இந்தப் படிப்பு வேணாம்னு நான்தான் குறுக்க நின்னேன். அதுல இருந்து ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அம்மா மூலமாத்தான் பேச்சு. இன்னைக்குக் கல்லுப்பட்டி தாண்டினதும் ஆரம்பிச்சா. நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேனா, திரும்பிப் பாக்க முடியல. கேட்டுக்கிட்டே வந்தேன். நல்லாத் திட்டுனா. அப்புறம் என் தப்பு எதுன்னு எனக்கும் சொல்ல வந்துச்சு. ராஜபாளையத்துல மூணு பேரும் புரோட்டா சாப்பிட்டோம்.” கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். “நிலையத்தைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. இதை மூட இனி யாராலயும் முடியாது.”

“ரொம்ப நன்றி சார்.”

“எனக்கு எதுக்கு நன்றி? நான் சிரிச்சவன்.”

அவர் வாசல் வரை போனார். திரும்பி வந்தார். ஏதோ கேட்க வெட்கப்படுவது தெரிந்தது.

“மேடம், இங்க இருந்து மதுரைக்கு வேற ரோடு இருக்கா? நாங்க வந்த வழி இல்லாம?”

“இருக்கு சார். குற்றாலம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, கோவில்பட்டின்னு சுத்திப் போவணும். ஆனா அது ரொம்பத் தூரம். வீடு சேர ராத்திரி ஆயிரும். ஒங்க நிழல்கிட்டக் கேட்டுப் பாருங்க, கிட்டக்க ஏதாச்சும் சொல்லும்.”

“அதுகிட்டக் கேக்கல,” என்றார் கூடலரசன், கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டபடி. “அந்த ரோட்டுலயே போறோம்.”

காரின் பின்னிருக்கையில் அவர் மனைவி தனியாக உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடலரசன் குனிந்து ஜன்னல் வழியாக என்னமோ சொன்னார். அந்த அம்மாள் வியப்போடு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கி, முன்கதவைத் திறந்து, அவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.